பயிர் பச்சையாகத்தான் இருக்கிறது, வேர் மட்டும் ஏன் இப்படி?

தலைமடைத் தம்பி (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். ஓடையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஓடைக்கு மேல்பக்கம் ஒரு முலாம் பட்டறை இருப்பது குத்தகை பேசி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மற்ற நாளில் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். மழை விட்ட மறுநாள் மட்டும் லேசாக இளம்பச்சை தட்டும். பாசி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

போன போகம் நெல். தண்ணீர் வயலுக்குள் நுழையும் மூலையில், விசிறியை விரித்து வைத்த மாதிரி ஓர் இடம் மட்டும் சரியாகத் தூர் கட்டவில்லை. வந்த கதிரிலும் பாதி பதர். பூச்சியாக இருக்கும் என்று விட்டாயிற்று. இப்போது அதே நிலத்தில் கீரை. அதே மூலை, அதே விசிறி வடிவம். செடி முழங்கால் உயரம் வர வேண்டிய நேரத்தில் சாண் உயரம்தான் நிற்கிறது. குருத்திலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்துக் குறை என்று அன்னபேதி கரைத்துத் தெளித்தேன். ஐந்தாறு நாள் பச்சை பிடித்தது. அடுத்து வந்த இலை திரும்பவும் மஞ்சள். இதோடு மூன்று முறை தெளித்துவிட்டேன்.

நேற்று அந்த மூலையில் நாலு செடியும் கடைமடையில் நாலு செடியும் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைமடைச் செடியின் வேர் வெள்ளையாக, தலைமுடி மாதிரி சல்லிசல்லியாக இருக்கிறது. மூலைச் செடியின் வேர் கட்டையாக, பழுப்பாக, நுனி தடித்து, முள்கம்பி மாதிரி குட்டைக் குட்டையாகக் கிளைத்திருக்கிறது. சல்லிவேரே இல்லை.

கடைமடைப் பக்கம் கீரை ஜோராக வந்திருக்கிறது, கருகருவென்று. அங்கே அடுத்த வாரம் அறுக்கலாம் என்று இருக்கிறேன்.

பக்கத்து நிலத்துக்காரர் "கன உலோகம்" என்கிறார். இலையைப் பார்த்து எந்த உலோகம் என்று சொல்ல முடியுமா? மூலையை மட்டும் விட்டுவிட்டு மீதியை அறுத்தால் பிரச்சினை இல்லைதானே? சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?

---

மண்குடுவை

தம்பி, கடைசியாகக் கேட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் அவசரம். அடுத்த வாரம் அறுக்க வேண்டாம். நீங்கள் மூலையைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அந்தக் கருகருவென்ற கடைமடைதான் கவலையாக இருக்கிறது.

மண் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் மண்ணைச் சலித்து, கரைத்து, வடிகட்டியவன் நான். கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி எனக்கு எழுத வராது, வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மூலை. வேரைப் பிடுங்கிப் பார்த்தீர்களே, நல்ல காரியம். பாதிப் பேர் இலையோடு நின்றுவிடுகிறார்கள். உலோகம் முதலில் அடிப்பது வேர் நுனியைத்தான். அங்கேதான் செல்கள் பிரிந்து வளர்கின்றன, மண்கரைசலில் இருக்கிற எல்லாமே முதலில் அங்கேதான் மோதும். செம்பு அதிகமான மண்ணில் நுனி வளர்ச்சி நின்று, பக்கவேர்கள் குட்டை குட்டையாகத் தடித்துக் கிளம்பும். முள்கம்பி மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தையை நானும் பல விவசாயிகள் வாயில் கேட்டிருக்கிறேன். ஆனால் நெல்லில் இதே சோதனையைச் செய்து ஏமாந்துவிடாதீர்கள். நீர் கட்டிய வயலில் நெல்வேருக்கு மேல் துருப்படலம் படிவது இயல்பு. செங்காவி நிறத்தைப் பார்த்துவிட்டு விஷம் என்று அலற வேண்டியதில்லை.

மஞ்சள் குருத்துக்கும் காரணம் இருக்கிறது. துத்தநாகம், செம்பு, நிக்கல் மூன்றும் அளவு மீறினால், செடி இரும்பை எடுப்பதையும் மேலே அனுப்புவதையும் கெடுத்துவிடும். மண்ணில் இரும்பு இருக்கும், இலைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் அன்னபேதி தெளித்த இலை பச்சையானது, அடுத்த இலை மறுபடி மஞ்சள். நீங்கள் தெளித்தது இலைக்கு, நோய் இருப்பது வேரில். விசிறி வடிவமும் அதையே சொல்கிறது. மடைவாயில் தண்ணீர் வேகம் குறைந்து வண்டல் படிகிற இடம் அதுதான். பூச்சியோ பூஞ்சையோ இரண்டு போகமும் அதே கோட்டை மதித்து நிற்காது.

எந்த உலோகம் என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. துத்தநாகம் மிகுந்தாலும் நிக்கல் மிகுந்தாலும் வெறும் இரும்புக் குறை என்றாலும் குருத்து ஒரே மாதிரிதான் மஞ்சளாகும். முலாம் பட்டறை என்றால் துத்தநாகம், நிக்கல், செம்பு, குரோமியம், காட்மியம் என்று கலவையாகக்கூட வரலாம். அந்த இளம்பச்சைத் தண்ணீர் நிக்கலையும் மூன்று இணைதிறன் குரோமியத்தையும் நினைவூட்டுகிறது. உண்மையாகவே பாசியாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

இப்போது கடைமடைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உலோகங்கள் பயிரிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ரூஃபஸ் செனி என்ற அமெரிக்க மண்ணியல் அறிஞர் 1980-ல் இதை மண்ணுக்கும் பயிருக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதாக வைத்து விளக்கினார். ஈயமும் மூன்று இணைதிறன் குரோமியமும் பெரும்பாலும் மண்ணிலோ வேரிலோ ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், மேலே ஏறுவது சொற்பம். துத்தநாகம், செம்பு, நிக்கல் மேலே ஏறும். ஆனால் சாப்பிடுகிறவருக்குக் கெடுதல் வருகிற அளவு சேர்வதற்குள் செடியே குறுகிப்போகும். அதாவது பயிர் தன்னைக் கெடுத்துக்கொண்டு நமக்கு எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. உங்கள் மூலையில் நடப்பது அநேகமாக இதுதான். காட்மியம் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. செடிக்கு வலிக்காத அளவிலேயே உண்கிறவருக்கு அதிகமாகிவிடும்.

கணக்காகவே சொல்கிறேன். இலைக்காய்கறிகளுக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத்தர அமைப்பு வைத்திருக்கும் காட்மியம் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பச்சை எடையில். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆக உலர் எடையில் அது சுமார் 2 மில்லிகிராம். பல பயிர்களில் காட்மியத்தால் இலை மஞ்சளாவதும் வளர்ச்சி குன்றுவதும் உலர் எடையில் 5, 10 என்று தாண்டிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி முழுக்கச் செடி பச்சையாக, கொழுகொழுவென்று, படம் எடுத்து மாட்டுகிற மாதிரி நிற்கும்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒருவர் இரண்டு கட்டுக் கீரை கொண்டுவந்தார். ஒன்று வெளிறிச் சோணியாக, இன்னொன்று நல்ல செழிப்பாக. சோணிக்கட்டை மட்டும் பார்த்தால் போதும், மற்றது ஒப்பிடுவதற்குத்தான் என்றார். நானும் மனதுக்குள் அப்படியே முடிவு கட்டிக்கொண்டுதான் கருவியில் ஏற்றினேன். சோணியில் துத்தநாகம் எக்கச்சக்கம், காட்மியம் வரம்புக்குள். செழிப்பாக இருந்ததில்தான் காட்மியம் வரம்பைத் தாண்டியிருந்தது. நான் ஏதோ மாற்றி வைத்துவிட்டேன் என்று மேலதிகாரி நினைத்து, மறுபடி கரைக்கச் சொன்னார். மறுபடியும் அதேதான். அன்றிலிருந்து செழிப்பைப் பார்த்து நான் எதையும் நம்புவதில்லை.

கழுவினால் போகாதா என்று அடுத்த கேள்வி வரும். ஈயமாக இருந்தால் ஓரளவு போகும், ஏனென்றால் கீரையில் இருக்கிற ஈயத்தில் பெரும்பங்கு மேலே ஒட்டிய மண்ணும் தூசியும். காட்மியம் இலைக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை தண்ணீர் மாற்றினாலும் அது போகாது.

உங்கள் நிலத்தில் காட்மியம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் அறுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

---

வயக்காட்டான்

இதற்கெல்லாம் பயந்தால் விவசாயம் பண்ண முடியாது நண்பரே. ஏக்கருக்கு ஒரு டன் சுண்ணாம்பு, நிறையத் தொழுவுரம், ஒரு போகம் சூரியகாந்தி. சூரியகாந்தி எல்லா விஷத்தையும் உறிஞ்சிவிடும். நான் காணொளியில் பார்த்தேன்.

---

தலைமடைத் தம்பி

மண்குடுவை ஐயா, மிக்க நன்றி. அறுக்கவில்லை, நிறுத்திவிட்டேன். வயக்காட்டான் அண்ணன் சொன்ன சுண்ணாம்பு, சூரியகாந்தி பற்றி என்ன சொல்கிறீர்கள்? அப்புறம், மழைக்காலத்தில் திரும்ப நெல் வைத்தால் தப்பிக்கலாமா? நெல் தானியம்தானே, இலை இல்லையே.

---

நாற்றங்கால்

நெல் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. நெல்வேரில் உலோகம் ஏறும் வழிகள்தான் என் ஆய்வு, அதனால் கொஞ்சம் ஆர்வக்கோளாறு இருக்கும்.

வேரில் காட்மியத்துக்கென்று தனி வாசல் எதுவும் கிடையாது. பயிருக்கு அது தேவையே இல்லை. மாங்கனீசு உள்ளே போகிற வாசலில் ஆள்மாறாட்டம் செய்து நுழைகிறது. நெல்லில் அந்த வாசலுக்கு நிராம்ப்5 என்று பெயர். ஜப்பானில் கோஷிஹிகாரி என்ற நெல் ரகத்தில் கார்பன் அயனிக் கற்றையைச் செலுத்தி, அந்த மரபணு பழுதான செடிகளைத் தேடி எடுத்தார்கள். அந்த அரிசியில் காட்மியம் ஏறக்குறைய இல்லவே இல்லை. 2012-ல் வெளிவந்த வேலை அது. ஆர்செனிக் வேறு இரண்டு வாசல்களில் வரும். ஆர்சனேட்டாக இருந்தால் பாஸ்பேட் வாசல், ஆர்சனைட்டாக இருந்தால் சிலிக்கான் வாசல். நெல் சிலிக்கானை அள்ளி அள்ளி எடுக்கிற பயிர், அதனால் அந்தக் கதவு எப்போதும் அகலமாகத் திறந்தே இருக்கும். குரோமியத்தின் ஒரு வடிவமான குரோமேட், சல்பேட்டின் வேஷத்தில் போகும். ஆக பயிரின் பசியைத்தான் இந்த உலோகங்கள் பயன்படுத்திக்கொள்கின்றன.

இதில் உங்களுக்கு உதவுகிற விஷயம், துத்தநாகம் பற்றாக்குறையாக இருக்கிற மண்ணில் பயிர் காட்மியத்தைக் கூடுதலாக எடுக்கும். அங்கே துத்தநாகம் கொடுத்தால் காட்மியம் குறையும். ஆனால் உங்கள் மூலையில் துத்தநாகமே மிகுந்திருக்கலாம் என்று ஐயா சொல்கிறார். அதனால் பரிசோதனை முடிவு வராமல் ஜிங்க் சல்பேட் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

நெல்லில் பெரிய சிக்கல் தண்ணீர் கட்டுவதில் இருக்கிறது. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணில் காற்று இல்லாமல் போய், காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக உட்கார்ந்துவிடும். தண்ணீரை வடித்துக் காயவிட்டால் அது மறுபடி கரைந்து வேருக்கு வரும். அதனால் ஜப்பானில் மாசுபட்ட வயல்களில் கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்னும் மூன்று வாரம் பின்னும் தண்ணீர் வற்றாமல் வைத்திருக்கச் சொல்வார்கள். ஆர்செனிக் இதற்கு நேர் எதிர். தண்ணீர் நின்றால், அதைப் பிடித்து வைத்திருந்த இரும்புத் துரு கரைந்து ஆர்செனிக் வெளியே வந்துவிடும். ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு விருந்து. உங்கள் மண்ணில் எது இருக்கிறது என்று தெரியாமல் நீர் மேலாண்மை சொன்னால் அது ஜோசியம்.

போன போகத்தில் பாதி பதர் என்று சொன்னீர்களே, கதிர் நிமிர்ந்தே நின்றதா, தலை சாய்ந்ததா? ஆர்செனிக் மிகுந்த வயலில் மணி பிடிக்காமல் கதிர் குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஒரு கோளாறு உண்டு. வேறு காரணங்களாலும் அது வரும், சும்மா கேட்டு வைக்கிறேன்.

தானியம் என்பதால் தப்பிக்கலாமா என்றால், பொதுவாக இலையில் சேர்கிற அளவுக்குத் தானியத்திலும் காயிலும் காட்மியம் சேராது, அது உண்மைதான். ஆனால் அரிசிதான் இந்த விஷயத்தில் உலகத்துக்கே பாடம். ஜப்பானின் டொயாமா பகுதியில் ஜின்சூ ஆற்றங்கரை மக்களுக்கு எலும்பு நொறுங்கும் இதாய்-இதாய் நோய் வந்தது. மேலே இருந்த கமியோகா சுரங்கத்தின் காட்மியம் ஆற்றுத் தண்ணீரோடு வயலுக்கு வந்து, அரிசி வழியாகவும் குடிநீர் வழியாகவும் உடம்பில் சேர்ந்தது. 1968-ல்தான் அரசாங்கம் அதைக் காட்மியத்தால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அங்கேயும் வயலுக்குள் தண்ணீர் நுழைகிற மடைப்பக்கத்தில்தான் மண்ணில் காட்மியம் அதிகம். உங்கள் விசிறியைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

---

மண்குடுவை

நாற்றங்கால் அம்மா நெல்லை முடித்துவிட்டார், எனக்கு வேலை மிச்சம்.

வயக்காட்டான், சுண்ணாம்பு கெட்ட யோசனை இல்லை. மண் அமிலமாக இருந்தால் காட்மியம், துத்தநாகம், நிக்கல் எல்லாம் தாராளமாகக் கரையும். கார அமில நிலையை 6.5, 7 பக்கம் கொண்டுவந்தால் அவை மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும். மூலையில் பயிரே கொஞ்சம் நிமிர்ந்துவிடும். ஆனால் குரோமியத்தின் விஷம் கூடிய வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமும், ஆர்செனிக்கும் காரம் ஏற ஏற இன்னும் சுலபமாக நகர ஆரம்பிக்கும். தொழுவுரம் குரோமியத்துக்கு நல்லது, ஆறு இணைதிறனை மூன்றாக மாற்ற உதவும். செம்பையும் ஈயத்தையும் பிடித்துவைக்கும், ஆனால் உரம் மக்கித் தீர்ந்தால் பிடியும் தளரும். பாஸ்பேட் ஈயத்தைக் கல்லாக்கிவிடும், அதே பாஸ்பேட் ஆர்செனிக்கை இடத்தைவிட்டுத் தள்ளி வேர் பக்கம் அனுப்பிவிடும். போதாதற்குச் சில பாறை பாஸ்பேட்டிலேயே காட்மியம் கலந்து வரும். உப்புத் தண்ணீர் பாய்ச்சினாலும் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதைக் கரைசலில் மிதக்க வைக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏக்கருக்கு ஒரு டன் என்று சொல்கிற விஷயம் இல்லை இது.

சூரியகாந்திக்கு வருவோம். காணொளி போடுகிறவர்கள் கணக்குப் போடுவதில்லை, நாம் போடுவோம். ஒரு ஏக்கரில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருக்கிற மண் சுமார் 1,000 டன். அதில் காட்மியம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அதிகமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 கிலோ காட்மியம். ஒரு போகத்தில் 4 டன் உலர்ந்த செடி எடுக்கிறீர்கள், செடியில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் சேர்ந்திருக்கிறது என்றே தாராளமாக வைப்போம். வெளியே போனது 40 கிராம். ஒரு கிலோவையும் எடுக்க 25 போகம். மண்ணில் குறையக் குறைய செடி எடுப்பதும் குறையும் என்பதால் உண்மையில் இன்னும் அதிகம். அதுவரை அந்த நிலத்தில் வேறு எதுவும் போடக்கூடாது. பிடுங்கிய செடியை மாட்டுக்கும் போடக்கூடாது, குப்பைக்குழியிலும் போடக்கூடாது. போட்டால் எடுத்த உலோகத்தை எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்த மாதிரிதான்.

உலோகத்தை விரும்பித் தின்கிற செடிகள் உண்மையிலேயே இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆர்செனிக்கை அள்ளுகிற டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணியைப் பற்றி 2001-ல் வந்த செய்தியைப் படித்துவிட்டு நானே ஒரு வாரம் தூக்கமில்லாமல் திரிந்திருக்கிறேன். ஆனால் அதெல்லாம் ஒன்றிரண்டு உலோகத்துக்கு, பொறுமையாகச் செய்கிற வேலை. அந்த ஜின்சூ வயல்களிலேயே கடைசியில் செடியை நம்பவில்லை. மாசுபட்ட மண்ணை எடுத்துப் புதைத்து, நல்ல மண்ணைக் கொண்டுவந்து மேலே போட்டார்கள். 1979-ல் ஆரம்பித்து 2012-ல் முடிந்தது.

அதனால் தம்பி, மருந்து பிறகு. முதல் வேலை அந்த வாய்க்கால் தண்ணீரை நிறுத்துவது. தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறபோது மண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

இரண்டாவது, மாதிரி எடுப்பது. தலைமடை, நடு, கடைமடை மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். மூன்றையும் கலந்தால் சராசரிதான் வரும், சராசரியில் உங்கள் விசிறி மறைந்துபோகும். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துக் கலந்து அரைக் கிலோ போதும். மொத்த அளவு, டிடிபிஏ என்ற, உலோகத்தைப் பிடித்து இழுக்கிற வேதிக்கரைசலில் வருகிற அளவு இரண்டையும் கேளுங்கள். மொத்தம் என்பது மண்ணில் இருப்பது, டிடிபிஏ என்பது பயிர் கைக்கு எட்டுவது. கூடவே கார அமில நிலை. குரோமியத்தை ஆறு இணைதிறன் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், வெறும் "குரோமியம்" என்று ஓர் எண் வந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கீரையையும் கட்டாயம் கொடுங்கள், கழுவி, சாப்பிடுகிற பாகம் மட்டும். முடிவு பச்சை எடையிலா உலர் எடையிலா என்று எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வார்த்தை விட்டுப்போனதால் பத்து மடங்கு பயந்தவரையும் பார்த்திருக்கிறேன், பத்து மடங்கு நிம்மதியடைந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. துத்தநாகப் பூச்சுப் போட்ட தகர வாளியில் மண்ணை அள்ளாதீர்கள். பிளாஸ்டிக் வாளி, மரக்கரண்டி அல்லது துருப்பிடிக்காத எஃகு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு வருஷம் நான் கொண்டுவந்த மாதிரிகளில் எல்லாம் துத்தநாகம் ஏறியிருந்தது. ஊரே மாசு என்று அறிக்கை எழுதப் போகும் நேரத்தில் எங்கள் உதவியாளர்தான் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பக்கம் பூச்சு உரிந்து பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

---

தலைமடைத் தம்பி

ஐயா, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உங்கள் பதிலைப் படிப்பதற்கு முன்பே இன்று காலையில் மண் எடுத்துவிட்டேன். எதில் எடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? மூன்றையும் கொட்டிவிட்டு நாளைக்குத் திரும்ப எடுக்கிறேன்.

நாற்றங்கால், கதிர் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது, ஆனால் நான் உன்னிப்பாகப் பார்க்கவில்லை. வைக்கோல் இன்னும் போரில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் கேட்காததால் சொல்லவில்லை. போன கோடையில் வாய்க்கால் தூர் வாரினோம். அந்த வண்டல் கறுப்பாக, கொழகொழவென்று, பார்த்தாலே ஆசையாக இருந்தது. அவ்வளவையும் கடைமடைப் பக்கம்தான் பரப்பினேன். அங்கே கீரை கருகருவென்று வந்ததற்கு அதுதான் காரணம் என்று இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

---

மண்குடுவை

தம்பி, அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருந்தால் நான் பாதிக் கடிதத்தோடு நிறுத்தியிருப்பேன். தண்ணீரில் கரைந்து ஓடுகிற உலோகத்தைவிட, வாய்க்கால் அடியில் சேறோடு சேர்ந்து படுத்திருப்பதுதான் அதிகம். அதுவும் காற்றுப்படாமல் அடியில் கிடந்த சேறு. நிலத்தில் பரப்பிக் காயவிட்டால் என்ன ஆகும் என்று நாற்றங்கால் நெல்லுக்குச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். வண்டலில் தழைச்சத்து இருக்கும், அதனால் கீரை கறுத்து வளர்ந்திருக்கும். உலோகமும் இருந்தால் அதையும் சேர்த்தே எடுத்திருக்கும்.

வண்டல் பரப்பிய இடம், பரப்பாத இடம் என்று கடைமடையை இரண்டாகப் பிரித்து எடுங்கள். வாய்க்கால் அடியிலிருந்தும் ஒரு கை. ஆக ஐந்து மாதிரி. குரோமியத்துக்குத் தனியாகக் கொஞ்சம் மண்ணை வெயிலில் காயவைக்காமல், ஈரத்தோடே பையில் இறுக்கிக் கட்டிக் குளிரில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள், காய்ந்தால் எண் மாறிவிடும். வைக்கோலை இப்போதைக்கு மாட்டுக்குப் போடாதீர்கள், அதிலிருந்தும் ஒரு பிடி அனுப்புங்கள். நெல்லில் மணியைவிட வைக்கோலில்தான் ஆர்செனிக் அதிகம் தங்கும்.

முடிவு வந்ததும் எண்களை அப்படியே இங்கே போடுங்கள். வாளியின் படத்தையும்.